ஏரியும் உண்டு, மலையும் உண்டு!

"இந்த வருஷ லீவுக்கு ஸ்விட்சர்லாந்து... லூசர்ன்!" என்று என் வீட்டுக்காரர் அறிவித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏரிக்கரையில் ஊர், ஆற்றின் குறுக்கே கூரை போட்ட பழைய மரப்பாலம், சுற்றிலும் ஆல்ப்ஸ் மலை! 1889-லேயே அங்கே பிலாட்டஸ் மலை உச்சிக்குப் பல்சக்கர ரயில் விட்டிருக்கிறார்களாம்.

நோட்டுப் போட்டுக் கணக்கெழுத உட்கார்ந்தேன். டிக்கெட், விசா, ஸ்வெட்டர்... கடைசியில், 'அத்தை?' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முட்டியிலும் வலி. அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது. "நீங்களும் குழந்தைகளும் போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, மனசு ஆறவில்லை. அன்று ரசத்தில் உப்புப் போட்டேனா என்பதே ஞாபகமில்லை!

ராத்திரி அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, இந்தக் கன்னங்குறிச்சிக்கு வாக்கப்பட்டு வந்து ஐம்பது வருஷமாச்சு. கொல்லையில நின்னு சேர்வராயன் மலையைப் பார்த்ததோட சரி, ஒரு நாளும் ஏறலை. அப்போ என் மாமியாருக்கு முடியாது. அப்புறம் பிள்ளைங்க, மாடு, கன்னு... இப்ப என் முட்டி. நீயும் அப்படி நின்னுடாதே, கண்ணு."

எனக்குச் சுரீர் என்றது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான்! அடுத்த வாரமே கார் வைத்துக் கிளம்பினோம்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் குழந்தைகள் விரல் விட்டு எண்ணினார்கள். மேலே போனால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டு வந்த காபியாம். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு. இன்னொன்று தெரியுமா? லூசர்ன் நகரம் 435 மீட்டர் உயரம்தான். நம் ஏற்காடோ சுமார் 1500 மீட்டர்!

சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போக வேண்டும். அத்தை வாசலிலேயே நின்று கும்பிட்டார். இருட்டியதும் லேடீஸ் சீட்டுக்குப் போனோம். கீழே சேலம் முழுக்க விளக்கு.

"அதுல நம்ம வீடு எங்கே இருக்குது?" என்று கேட்டார். அவர் காட்டிய பக்கமெல்லாம் வெளிச்சம். "அவ்வளவு சின்னதா! அதுக்குள்ளேயா இத்தனை வருஷம்..." என்று சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை: மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைத் தவிருங்கள். மலை ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார வைத்தால் தலைசுற்றல் குறையும். சால்வை, வழக்கமான மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். தரைத்தளத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். கிள்ளியூர் அருவிக்குப் படி இறங்க வேண்டும்; முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது.

லூசர்ன்? நோட்டு பத்திரமாக இருக்கிறது. "அடுத்த வருஷம் பத்து நாள் நான் வந்து அம்மாவைப் பார்த்துக்கறேன், அண்ணி" என்று நாத்தனார் வாக்குக் கொடுத்திருக்கிறாள். கேட்கச் சொன்னது அத்தைதான்!