காதுக்கு எட்டாத பேச்சு

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தென்மேற்கு மூலையில் ஒரு பெரு வனம். அதன் நடுவே திடீரென்று பரந்த வெட்டவெளி! பெயர் ஸாங்கா பாய். காட்டுவாசிகள் வெட்டவெளியைப் 'பாய்' என்கிறார்கள். விரித்துப் போட்ட பாய் போலத்தான் இருக்கிறதும்! மண்ணிலுள்ள உப்புச் சத்துக்காக யானைகள் இங்கே வருகின்றன. ஒரே சமயத்தில் நூறு கூட நிற்பதுண்டு.

பிளிறலும் உறுமலும் காதைத் துளைக்கும். ஆனால் நீங்கள் கேட்பது அவற்றின் பேச்சில் ஒரு பகுதிதான். மீதியைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி, கேட்டி பெயின். 1984-ல் அமெரிக்காவில், போர்ட்லண்டு மிருகக்காட்சி சாலையில், ஆசிய யானைகளின் கொட்டில் அருகே நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்கன் வாத்தியத்தின் பக்கத்தில் நின்றபோது உணர்ந்த அதே துடிப்பு! திருவிழாவில் பெரிய மேளத்தின் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் 'திம்' என்கிறதே, அப்படி. பதிவு செய்த நாடாவை வேகமாக ஓட்டியதும் உறுமல்கள் வெளிப்பட்டன. விநாடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே நம் காது கைவிட்டு விடும். யானைக் குரலோ 14 வரை இறங்கும்.

இந்தக் குரலைப் பிடிக்க எந்த மைக்? கச்சேரி மைக்குகள் பெரும்பாலும் உதவா. ஒரு திசையை மட்டும் கவனிக்கும் மைக், தூரத்திலிருந்து வரும் தாழ்ந்த ஒலியைச் சல்லடைபோல் நழுவ விட்டுவிடும். எல்லாத் திசையும் கேட்கும் மைக்தான் வேண்டும். பதிவு யந்திரத்திலும் 'இரைச்சல் நீக்கும்' பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் இரைச்சலோடு யானையும் போய்விடும்! காற்றின் ஓசையும் தாழ்ந்ததே. ஆகையால் மைக்குக்குப் பஞ்சு உறை அவசியம்.

விலையுயர்ந்த விசேஷ மைக் வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். அடிநாதத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஒலிகளும் சேர்ந்தே வருவதால், ஈரத்தைத் தாங்கும் எளிய மைக்கே போதும். யானைக் காட்டில் உறுதிதான் முதல் லட்சணம் என்பேன். பெட்டியைத் துதிக்கைக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும்!

இவ்வளவு பாடு எதற்கு? 2013 மே மாதத்தில் ஸாங்காவில் தந்தத்துக்காக 26 யானைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அண்டை நாடான காங்கோவின் நுவாபாலே-ந்தோக்கி வனத்தில் 2017-ல் ஐம்பது பதிவுப் பெட்டிகள் மரமேறின. துப்பாக்கி வெடித்தால் அதையும் அவை விடாமல் குறித்துக் கொள்ளும். எந்தப் பக்கம் வேட்டு அதிகம் என்று பார்த்து, காவலர்கள் ரோந்து போகலாம் அல்லவா? சில மாதங்களுக்கு ஒரு முறை ஆள் மரமேறி, பதிவை எடுத்துக்கொண்டு, புது பாட்டரி போட்டுவிட்டு இறங்குகிறார்.