நிடாவின் காற்றுகாட்டிக்கு

என் அன்புக் காற்றுகாட்டியே, லித்துவேனியாவின் குரோனியக் காயலில் மீன்பிடிப் படகுகளின் பாய்மர உச்சியில் சுழன்றவளே, கௌனஸ் மாநகரின் கேடயத்தில் கொம்புகளுக்கு நடுவே சிலுவை தாங்கிய வெள்ளைக் காட்டெருது நிற்கிறது. மாநகருக்கு அப்படி ஒரு கேடயச் சின்னம்; நிடாவோ சின்ன மீனவ ஊர். அதன் படகுகளுக்கு ஊர்ச்சின்னமாக இருந்தவள் நீ.

அன்பானவளே, பிரஷ்ய ஆட்சியில், 1844இல், மீன்வளக் கண்காணிப்பாளர் பேர்போம் போட்ட ஆணையில் பிறந்தாய். எந்த ஊர்ப் படகு எங்கே வலை வீசுகிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நிடா இருக்கும் மணல்திட்டின் ஊர்களுக்குக் கறுப்பு வெள்ளை, காயலின் கீழைக்கரைக்குச் சிவப்பு வெள்ளை, தென்கரைக்கு மஞ்சள் நீலம். நிறத்துக்குள் ஊருக்கு ஊர் வேறு கோலம். கண்காணிக்க மாட்டிய அடையாளத்தையே ஓர் ஊர் தன் பெருமையாக்கிக்கொள்ள முடியும் என்று எனக்குக் காட்டினாய். நான் பட்ட முதல் கடன் அது.

அழகியே, அந்த நிறப்பலகையைச் சுற்றி மீனவர்கள் கத்தியால் செதுக்கிச் சேர்த்தவற்றை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஓட்டு வீடு, தேவாலயம், மரங்கள், கடமான், கைகோத்து நிற்கும் மனிதர்கள். ஊடுவெட்டாகச் செதுக்கியதால், அந்தச் சின்ன வீட்டின் சன்னல் வழியே வானம் தெரிகிறது! அதிகாரி கேட்டது நிறத்தையும் கோலத்தையும் மட்டும். வீடும் மரமும் எந்த ஆணையிலும் இல்லை, அவர்களாகவே தந்தவை. ஒரு சின்னத்தில் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதை நான் கற்றது அங்கேதான்.

காற்றின் தோழியே, உன் கரையில் காடு அழிந்தபின் மணல்மேடுகள் நகர்ந்து வந்து ஊர்களையே மூடின. நிடாவும் மணலுக்கு அஞ்சி இடம் மாறிய ஊர். காலடி நிலத்தை நம்ப முடியாதவர்கள் தங்கள் ஊரைப் பாய்மரத்தில் ஏற்றிக் கூடவே கொண்டுபோனார்கள் என்றுதான் நான் உன்னைப் புரிந்துகொள்கிறேன். அந்தத் தைரியத்தை எனக்கும் கொஞ்சம் தந்தாய்.

பிரியமானவளே, இரண்டாம் உலகப்போரின் முடிவில் உன்னைச் செதுக்கிய குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தக் கரையை விட்டுப் போயின. பிறகு வந்தவர்கள் உன்னைத் தூக்கி எறியவில்லை. இன்று நிடாவின் கரையோரக் கம்பங்களில் வண்ணம் பூசி உன்னை நிறுத்தியிருக்கிறார்கள். காப்பாற்றிய அவர்களுக்கும் உன் வழியாகவே என் நன்றி. ஊர்ச்சின்னம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும், கேடயங்களை விட்டுவிட்டு உன்னைத்தான் முதலில் காட்டுகிறேன்.