கதவைத் தட்டும் ஓசை

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம், இறைவன் சொல்வதைக் கேட்டு நட என்று சொல்லுதல் எளிது. எப்படிக் கேட்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால்தான் பெரியவர்களாகிய நாம் தடுமாறுகிறோம். ஆம்பூரில் எங்கள் அண்டை வீட்டுக் கிறித்தவ நண்பர், தம் சபையின் வாலிபப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு எடுப்பவர். "உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள், பாய்?" என்று ஒருநாள் எங்களிடம் கேட்டார்.

வேறுபாட்டை மறைக்காமலே விடை சொன்னோம். வஹீ நம் நபி (ஸல்) அவர்களோடு நிறைவுற்றது. இன்று எவரும், இறைவன் என்னிடம் தனியே பேசினான் என்று உரிமை கொண்டாட இயலாது. குர்ஆனே அவனது பேச்சு. அது ஓதப்படும்போது வாய்மூடிச் செவிதாழ்த்தக் கட்டளை இருக்கிறது. கல்லூரியா, தோல் தொழிலா என்று பிள்ளை தவிக்கும்போது இஸ்திகாராத் தொழுகையைக் கற்றுத் தருகிறோம். கனவு வரும் என்று அவன் காத்திருக்க வேண்டியதில்லை. அறிந்தவரிடம் ஆலோசித்து, நன்மையை நாடி, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைத்தால் போதும்.

நண்பர் தம் வகுப்பில் சொல்லும் சாமுவேலின் வரலாற்றை எடுத்துரைத்தார். இரவில் மும்முறை அழைப்பைக் கேட்ட சிறுவன், முதியவர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்றெண்ணி மும்முறையும் அவரிடம் ஓடினான். அழைப்பவன் இறைவன் என்று உணர்ந்த ஏலி, அவனைத் திருப்பி அனுப்பி, பணிவுடன் செவிகொடுக்கச் சொன்னார். அல்பகரா அத்தியாயத்தில் பெயர் குறிப்பிடாமல் சொல்லப்படும் நபி இவரே என்று நம் விரிவுரையாளர்களுள் பலர் கருதுவர். அந்த முதியவரின் பண்பு எங்களைத் தொட்டது. தம் விருப்பத்தை இறைவனின் விருப்பமென்று அவர் சிறுவன்மீது சுமத்தவில்லை. மகன் எந்தத் தொழிலுக்குப் போக வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிட்டு, அல்லாஹ்வின் நாட்டம் என்று அதற்குப் பெயர் வைக்கும் தந்தையர் நம்மிடையே குறைவா?

பேச்சு ஐடா ஸ்கட்டரிடம் வந்து நின்றது. 1870இல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரிப் பணியே வேண்டாம் என்றிருந்த இளம்பெண். திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையிலிருந்த மனைவியரைக் காக்க வேண்டி மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து நின்றனர். மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்ப முன்வந்தும், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் மறுத்தனர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவையே இறைவனின் அழைப்பாக ஐடா ஏற்றார். மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார். வேலூரில் ஒற்றைப் படுக்கையில் தொடங்கிய பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. அதுவே இன்றைய சி.எம்.சி.

அம்மூவருள் ஒருவர் முஸ்லிம். இதை நாம் கடந்துவிடலாகாது. பெண் மருத்துவர் இல்லாதபோது, உயிர்காக்கும் நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவரை நாட நம் ஃபிக்ஹு இடமளிக்கிறது. ஆயினும் அன்று ஊர்வழக்கமே மார்க்கமாகக் கேட்டது. நம் சகோதரி ஒருத்தி மாண்டாள். மார்க்கம் உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்கத் தவறினால் உயிரே போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நோயுற்றேன், நீ வந்து பார்க்கவில்லையே. பசித்தேன், நீ உணவளிக்கவில்லையே என்று மறுமையில் இறைவன் அடியானிடம் வினவுவான் எனும் கருத்தில் ஹதீஸ் குத்ஸி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மத்தேயு நற்செய்தியிலும் இதையொத்த பகுதி உண்டென்றார் நண்பர். அவர் தம் பிள்ளைகளுக்கும் நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சொல்வதென முடிவு செய்தோம். நாளுக்குச் சிறிது நேரம் கைப்பேசியை அணைத்துவிட்டு வேதத்தைப் பொருளுணர்ந்து படியுங்கள். பின்னர், உதவி கேட்டு வாசலில் நிற்பவர் யாரென்று எழுந்து பாருங்கள். பிறருக்குத் தீங்கு செய்யத் தூண்டும் எந்தக் குரலையும் இறைவனுடையதென்று நம்பாதீர்கள்.

கேட்கும் செவியையும், கேட்டபடி நடக்கும் துணிவையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அருள்வானாக. ஆமீன்.