வலியும் வினாத்தாளும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. காய்ச்சலையாவது கருவி அளந்து காட்டிவிடும். தலைவலியை அளந்து காட்டும் கருவி இன்றும் இல்லை. நோயாளியின் சொல்லே சான்று. அச்சொல்லைப் பிறர் நம்பாவிடில் அவன் என் செய்வான்?

கோந்த்வாவில் என்னுடன் ஒரே அறையில் வாழும் நண்பர் ஒருவருக்கு ஓராண்டாகத் தலைவலி. மாதத்தில் பாதி நாள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார். மருத்துவரை நாடிச் சென்றபோது, ஆங்கிலத்தில் ஒன்பது வினாக்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்களாம். உறக்கம் வருகிறதா, எதிலேனும் நாட்டம் உண்டா என்னும் வினாக்கள். நண்பர் அதை எழுதாமலே மடித்து எடுத்து வந்துவிட்டார். "வலிக்கிறது என்று போனேன், பைத்தியமா என்று கேட்கிறார்கள்!" என்று சினந்தார்.

சினம் இயல்பே. ஆனால், தாளின் நோக்கம் அதுவன்று. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைக் கடந்தும் வரும் தலைவலியை நாட்பட்ட தலைவலி என்கின்றனர். அத்தகையோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதியாகக் காணப்படுகின்றன. வலி சோர்வை வளர்க்கும். சோர்வு வலியைப் பெருக்கும். ஒன்றுக்கு மட்டும் மருந்திட்டால் மற்றது எஞ்சி நிற்கும். கேட்பது அதனாலேயே, வலியைப் பொய்யென்று ஐயுற்று அன்று.

முற்காலத்தில் அறிஞரும் இதில் தடுமாறியதுண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர்க்கெனத் தனிக் குணவார்ப்பு உண்டென்று 1937இல் அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு உல்ப் எழுதினார். பிந்தைய ஆய்வுகள் அதனை நிலைநாட்டவில்லை. இன்று அளப்பது குணத்தையன்று, துன்பத்தை.

அளவுகோலுக்கும் எல்லை உண்டு. பி.எச்.கியூ.-9 எனப்படும் அத்தாளில் வினா ஒன்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. உறக்கக் கேடும் களைப்பும் கவனக் குறைவும் தலைவலியாலேயே வரக்கூடியவை. ஆகவே, கூட்டுத்தொகை தீர்ப்பு ஆகாது. மருத்துவர் மேலும் பேசுவதற்கு அது ஒரு தொடக்கம்.

அன்றிரவு அத்தாளின் தமிழ் வடிவத்தை நண்பருக்குப் படித்துக் காட்டினேன். எட்டு வினாக்களுக்கு விரைந்து விடை சொன்னார். ஒன்பதாவது, இறந்துவிடுவதே மேல் என்ற எண்ணம் வந்ததுண்டா என்பது. நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சில நாள் வந்ததுண்டு" என்றார். ஓராண்டு ஒரே அறையில் உண்டு உறங்கியும் நான் அறியாத செய்தி அது! மறுநாள் காலையிலேயே இருவருமாக மருத்துவரிடம் சென்றோம். இப்போது தலைவலிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே மருத்துவம் நடைபெறுகிறது.

நண்பர்களே! ஊரை விட்டு வந்த நாம், வலிக்கு மாத்திரை கேட்கும் அளவுக்குப் பிறமொழி கற்றுக்கொள்கிறோம். மனத்தில் உள்ளதைச் சொல்ல அது போதுவதில்லை. 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணாகிய 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. பக்கத்து அறையில் அடிக்கடி விளக்கு அணைந்திருந்தால், கதவைத் தட்டித் தமிழில் கேளுங்கள்.