கார் இல்லாதவரின் கடல்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியைத் தாண்டி ஒரகடம் போகும் வழியெங்கும் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர் லாரிகளைப் பார்க்கலாம். அந்தக் கார்களை உருவாக்குகிறவர்களில் பலர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருபவர்கள். சொந்தமாக ஒரு பைக் இருக்கும், அதுவும் தவணையில். சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்பு கிடைத்து, கடலுக்குள் பவளப்பாறையும் வண்ண மீன்களும் பார்க்க வேண்டும், ஸ்நார்கெலிங் செய்ய வேண்டும் என்று இவர்களில் ஒருவர் ஆசைப்பட்டால், முதலில் வரும் அறிவுரை 'அங்கெல்லாம் கார் இல்லாமல் சரிப்படாது' என்பதுதான். கோயில், அருவி, மலைவாசஸ்தலம் என்று நாளுக்கு நான்கு இடம் சுற்றுகிறவருக்கு அது பொருந்தலாம். ஸ்நார்கெலிங் விஷயத்தில் அது தவறு என்பது மட்டுமல்ல, கார் இருப்பதே இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கத் தூண்டும் என்பது என் கட்சி.

ஸ்நார்கெலிங் என்பது மூழ்குவது அல்ல. முகத்தில் கண்ணாடி மாஸ்க், வாயில் ஒரு குழாய், காலில் துடுப்பு. நீர்மட்டத்தில் குப்புற மிதந்து கீழே பார்ப்பது, அவ்வளவுதான். ஆகவே மேலிருந்து கண்ணுக்கு எட்டும் ஆழத்தில், ஓர் ஆள் அல்லது இரண்டு ஆள் ஆழத்தில், பாறை இருக்க வேண்டும். தண்ணீர் கலங்கலில்லாமல் இருக்க வேண்டும். அலை அடங்கியிருக்க வேண்டும். முதலாவது நிலையானது, வரைபடத்தில் குறிக்கலாம். மற்ற இரண்டும் காற்றைப் பொறுத்தவை. மாதத்துக்கு மாதம் மட்டுமல்ல, காலைக்கும் மதியத்துக்குமே மாறிவிடும். சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்துக் கடலான கோவளத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டலூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறிப் போய்விடலாம். ஆனால் அது மணல் கரை. அலைச்சறுக்குக்காரர்கள் அங்கே கூடுவதற்கு எந்த அலை காரணமோ, அதே அலைதான் மணலைக் கிளறி நம் கண்ணை மறைக்கும். பவளத்துக்கு வெளிச்சமும் தெளிந்த நீரும் வேண்டும். சோழமண்டலக் கரையின் வடபகுதியில் மணலும் வண்டலும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எவ்வளவு நல்ல காரில் போனாலும் இதுதான் நிலைமை.

தமிழ்நாட்டில் பவளம் என்றால் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம்தான் போக வேண்டும். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோதே தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலும் தொடங்கப்பட்டது. அதற்கு முன் 2022 டிசம்பரிலிருந்து ரயில்கள் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்தன. படப்பை வழியாகத் தாம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஓர் இரவு ரயில், விடிந்தால் தீவு. தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காலத்தில் வடபக்கம் கலங்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்பக்கம் கொந்தளிக்கும். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் போகலாமே என்று தோன்றும். அதை நம்பி டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. தென்பக்கத்துப் பவளம் பெரும்பாலும் தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளைச் சுற்றி இருக்கிறது. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. கரையோடு ஒட்டிக் கிடைப்பது வடபக்கத்துப் பவளப்பாறைதான். மண்டபம் முனைக்காட்டுப் பக்கம் தொடங்கி, இடையில் பாம்பன் கால்வாயால் அறுபட்டு, அக்னி தீர்த்தம் வரை கரைக்கு இணையாக ஓடுகிறது. ராமேஸ்வரம் நகரை ஒட்டிய சங்குமால், ஓலைக்குடா பக்கம் தங்கினால் ஆட்டோகூட அவ்வளவாகத் தேவைப்படாது.

இங்கேதான் கார்க்காரர் தோற்கிறார். அவர் கையில் வண்டி இருப்பதால் தனுஷ்கோடிக்குப் போவார். அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது, படமும் நன்றாக வரும். ஆனால் இரண்டு கடலும் முட்டிக்கொள்ளும் அந்த முனையில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். மிதந்து வேடிக்கை பார்க்க அதைவிட மோசமான இடம் தீவில் இல்லை. அடுத்த நாள் அரியமான், அதற்கடுத்த நாள் தூத்துக்குடி என்று ஓடினால், மூன்று இடத்தில் தலா ஒரு வாய்ப்பு, அதுவும் காற்று ஏறிவிட்ட பதினொரு மணிக்கு. காலால் எட்டும் தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு தங்குகிறவருக்கு ஒரே இடத்தில் மூன்று விடியற்காலைகள் கிடைக்கின்றன. ஒரு காலை கலங்கலாக இருந்தால் திரும்பி வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு மறுநாள் போகலாம். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாஸ்க் மாட்டிக்கொண்டு முங்குவதைத் தொழிலாகக் கொண்டவர்கள். அவர்கள் நினைத்த நாளில் இறங்குவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைக் கணக்கிட்டுத்தான் கடலுக்குப் போகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு முங்குகிறவர்களே நாள் பார்க்கும்போது, வேடிக்கை பார்க்கப் போகிறவர் காலண்டரையும் காற்றையும் விட்டுவிட்டு ஹோட்டல் விலையை மட்டும் பார்ப்பது விந்தை.

'பாக் நீரிணைப் பவளம் ஒரு பவளமா? அந்தமான் எங்கே, இது எங்கே?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மன்னார், பாக் பகுதிப் பவளங்கள் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்டவை; 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்தவை. அந்தமான் நீரின் தெளிவு வேறு ரகம். ஆனால் அந்தமானும் என் வாதத்தைத்தான் வலுப்படுத்துகிறது. சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால், போகும் இடத்தில் யாருக்குமே சொந்தக் கார் கிடையாது. ஹேவ்லாக் என்ற ஸ்வராஜ் தீவில் எலிபன்ட் பீச்சுக்குச் சாலையே இல்லை. படகு, இல்லாவிட்டால் காட்டுப் பாதையில் நடை. நீல் என்ற ஷஹீத் தீவில் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் தீவையே சுற்றிவிடலாம். நான் தேர்ந்தெடுத்தால் புகழ்பெற்ற ஹேவ்லாக்கை விட்டு நீலுக்குத்தான் போவேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அங்கே ஏற்றவற்றம் இரண்டு மீட்டர் வரை போகும், வற்றும் நேரத்தில் பவளம் வெளியே தெரியும். நீர் ஏறியிருக்கும்போது இறங்கினால்தான் காலுக்கும் பவளத்துக்கும் நல்லது. இலங்கையிலும் இதே கதை. ஹிக்கடுவவுக்குக் கொழும்பிலிருந்து கரையோர ரயில்; திருகோணமலைக்கும் ரயில் உண்டு, அங்கிருந்து பஸ்ஸில் நிலாவெளி, எதிரே படகில் புறாத்தீவு. முன்னதற்கு நவம்பர் முதல் ஏப்ரல், பின்னதற்கு மே முதல் செப்டம்பர். எதற்குப் போவது என்பதை நம் விடுப்பு மாதம் முடிவு செய்துவிடுகிறது.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போகிறவருக்குக் கார் வேண்டாமா என்றால், அவர்களுக்குத்தான் அறை பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தை அரை மணி நேரத்தில் குளிர்ந்துபோய் நடுங்கும். தாத்தாவுக்கு வெயில் ஆகாது. நடந்து திரும்பும் தூரம் என்றால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் பாதுகாப்பு. நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டும், கூடவே இறங்கும் உள்ளூர் ஆளும் இல்லாத இடத்துக்கு, அது எவ்வளவு பக்கமாக இருந்தாலும், போகவே கூடாது. தெளிந்து தட்டையாகக் கிடக்கும் கடலும் ஏமாற்றும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது அலை எழாது, ஆனால் மிதப்பவரை அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கச்சான் காலத்தில் ஓலைக்குடாப் பக்கம் நேர்வது இதுதான். உள்ளூர் மீனவர் 'இன்னைக்கு வேணாம்' என்றால் அதோடு பேச்சு முடிந்தது. பவளத்தில் நிற்கவும் கூடாது, ஒடித்து எடுக்கவும் கூடாது. 2001 முதல் அது புலிக்கு இணையான சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

சரி, எப்போது போவது? ஒரகடத்துக்காரருக்கு நீண்ட விடுப்பு சேர்வது பெரும்பாலும் ஆயுதபூஜை, தீபாவளியை ஒட்டி. ராமேஸ்வரம் வடகடலுக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது, மழையும் வாடையும் சேர்ந்து கலக்கும். பொங்கலுக்கும் வாடை முழுதாக ஓய்ந்திருக்காது. அந்த விடுப்பை அந்தமானுக்கு வைத்துக்கொள்ளலாம். மாசிக் கடைசி முதல் சித்திரை வரை, ஒரு காற்று ஓய்ந்து மறுகாற்று பலமாகும் வரையிலான இடைவெளிதான் பாக் நீரிணைக்கு உகந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிவிடுவதால் அடிமண் கிளறப்படுவதும் குறையும். ஆகவே சித்திரை முதல் நாளோடு இரண்டு நாள் விடுப்பை ஒட்டிப் போடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பிப்ரவரி நடுவிலேயே தாம்பரம் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்.