அன்பு கூர்தல்

கடந்த ஆண்டு மதுரை மருத்துவமனை ஒன்றில், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைக் காணச் சென்றோம். நலம் விசாரிக்க மட்டுமன்று, மன்னிப்புக் கேட்கவும். சில மாதங்களாக அவர் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. அதனை மறையுரையில், பெயர் சொல்லாமல், ஆனால் யாவருக்கும் விளங்கும்படி குத்திக் காட்டியிருந்தோம். அவர் வயிற்று வலியோடு போராடி வந்ததை நாம் அறிந்திருக்கவில்லை.

நாம் பேச்சைத் தொடங்குமுன் அவரே தொடங்கினார்: "சாமி, வலியை 'அக்யூட்' என்கிறார்கள், வயிற்றில் 'ஆசிட்' என்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்களோ?"

குருமடத்தில் கற்ற இலத்தீன் கைகொடுத்தது. கூர்மையைக் குறிக்கும் ஒரே வேரில் கிளைத்தவை அவை. ஊசிக்கு இலத்தீனில் 'அக்குஸ்' என்று பெயர். 'அக்யூபங்சர்' என்பதன் முற்பகுதி அதுவே. அறிவுக்கூர்மையை ஆங்கிலத்தில் 'அக்யூமன்' என்பர். நாவைக் குத்தும் புளிப்பும் அவ்வேரினதே. சிலுவையில் தொங்கிய ஆண்டவரின் வாயருகே நீட்டப்பட்ட காடியை இலத்தீன் விவிலியம் 'அச்சேத்தும்' என்கிறது. அதுவும் இக்குடும்பத்துச் சொல்லே.

கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் புன்னகைத்தார். "தமிழில் அன்பும் கூரும் அல்லவா, சாமி?"

நாம் வாயடைத்துப் போனோம். இல்லம் திரும்பி நூலைப் புரட்டினோம். தொல்காப்பிய உரியியல், 'கூர்ப்பு' என்னும் சொல்லுக்கு உள்ளது சிறத்தல் என்றே பொருள் உரைக்கிறது. ஆம், கத்தி மட்டுமா கூர்மை பெறுகிறது? கூர்ந்து நோக்குகிறோம், கூர்ந்து கேட்கிறோம், இறந்தோரை நினைவுகூர்கிறோம், அன்பு கூர்கிறோம். இவற்றால் எவரும் காயமுறுவதில்லை.

அன்று விடைபெறுமுன் நம் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சோழவந்தான் பக்கத்து வயல்களில் இளமையைக் கழித்த அவர், நம் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "கதிர் அறுக்க அரிவாளுக்குக் கூர் வேண்டும்தான், சாமி. ஆனால் தாளைப் பிடிக்கும் இடக்கை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அறுக்க வேண்டும்."

நம் சொல்லில் கூர் இருந்தது, பார்வையில் இல்லை. இப்போதெல்லாம் கோவிலில் ஒரு முகம் காணாவிடில், மறையுரைக் குறிப்பேட்டைத் திறக்குமுன் அவ்வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.