வாசனை இல்லாத மண்!

மழை பெஞ்சதும் கிளம்புமே ஒரு மண்வாசனை... கண்ணை மூடி இழுத்திருப்பீங்க. அது மண்ணோட வாசனைன்னு நினைச்சிருந்தா, ஸாரி பாஸ்! அந்தப் பெருமையில பெரிய பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கிற பாக்டீரியா வகைக்குத்தான். அது தயாரிக்கிற 'ஜியோஸ்மின்'தான் நம்ம மூக்குல ஏறுது. இது எனக்கு உறைச்ச இடம், நெய்வேலி!

பண்ருட்டியில பஸ் ஏறுங்க. வழி முழுக்க செம்மண், முந்திரித் தோப்பு, பலா மரம். ஆர்ச் கேட்ல இறங்கி, அனுமதி வாங்கி, சுரங்கத்தை எட்டிப் பார்த்தா... அடேங்கப்பா! ராட்சச சக்கரம், அதைச் சுத்திப் பக்கெட்டுகள், சுழன்று சுழன்று பூமியைச் சுரண்டுது. இன்ஜினியரிங் படிக்கிறவன் வாயைப் பிளக்காம என்ன செய்வான்?

1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டினப்ப வெளிப்பட்டது பழுப்பு நிலக்கரி. 1956-ல நிறுவனம் பிறந்தது. 1957-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். இங்க ஒரு டன் நிலக்கரி எடுக்க சுமார் அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணை அள்ளணும். அள்ளின மண்? குன்று குன்றா குவிஞ்சு கிடக்கு.

முதல் நாள் ராத்திரி மழை. குன்று ஓரத்துல ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். ஈரம் இருக்கு, வாசனை இல்லை! ரோட்டோர முந்திரித் தோப்புல இன்னொரு பிடி. கும்முனு ஏறுச்சு.

ஏன்? நல்ல மண்ணுல ஒரு டீஸ்பூன் எடுத்தா கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். ரைசோபியம், காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு பயறு வகைகளுக்கு ஊட்டும். வேர்ப்பூஞ்சை, நூல் விட்டு எட்டாத இடத்து பாஸ்பரஸைக் கொண்டு வரும். இதுல பெரும்பாலானவங்க குடியிருப்பு மேல் ஒரு அடிக்குள்ளதான். தோண்டும்போது அந்த அடி புதைஞ்சு, உயிரோ மக்கோ இல்லாத ஆழத்து மண் மேல வந்துடுது.

'மேல்மண்ணைத் தனியா எடுத்து வைக்கலாமே?'ன்னு கேப்பீங்க. வைக்கலாம். ஆனா, மலையா குவிச்சு வருஷக்கணக்கா விட்டா உள்ளே காத்து போகாது. செடி வேர் இல்லாம வேர்ப்பூஞ்சைக்குச் சாப்பாடும் கிடைக்காது. வீடு நிக்கும், குடித்தனக்காரங்க காலி!

கந்தகம் அதிகமுள்ள நிலக்கரின்னா இன்னும் மோசம். மேகாலயாவோட ஜெயின்டியா மலைப்பகுதியில, நிலக்கரியோட வர்ற இரும்பு சல்பைடு காத்தும் தண்ணியும் பட்டு அமிலமாகி, ஆறுகளையே கெடுத்திருக்கு.

டீக்கடையில ஒரு பெரியவர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர். "நிலத்துக்குப் பணம் வந்துச்சு தம்பி. பாட்டன் காலத்துலேர்ந்து எரு போட்டு வளர்த்த மண்ணு... அதை எந்தக் கணக்குல எழுதுறது?" என்றார். என்கிட்ட பதில் இல்லை.

வழியே இல்லையான்னா, இருக்கு. தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுது, தொழு உரமும் அசோஸ்பைரில்லமும் வேர்ப்பூஞ்சையும் சேர்த்து, செத்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா எழுப்பலாம். நெய்வேலியிலேயே மண் குன்றுகள் மேல மரம் வளர்த்திருக்காங்க. ஆனா, மரம் நட ஒரு நாள் போதும். மண்ணுக்குள்ள பழைய குடித்தனம் திரும்ப வர்றதுக்குப் பல வருஷம் ஆகும். அதனால, அடுத்த சுரங்கத்துக்குக் கணக்குப் போடும்போது நிலக்கரியோட சேர்த்து அந்த ஒரு அடி மண்ணையும் கணக்குல எழுதணும்.

இதை ராத்திரி ஹாஸ்டல் ட்யூப்லைட் வெளிச்சத்துல படிக்கிறீங்களா? அந்தக் கரன்ட்ல கொஞ்சம் நெய்வேலியிலேர்ந்தும் வந்திருக்கலாம். அடுத்த மழைக்கு கிரவுண்டுல ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பாருங்க.

வாசனை வந்தா சந்தோஷப்படுங்க... உள்ளே ஆள் இருக்காங்க!